இடது கைக்காரர் கிட்டாரை எந்தப் பக்கம் பிடிப்பது?

ஒன்பது வயதுப் பெண் குழந்தை. எழுதுவது, வரைவது, பந்து எறிவது எல்லாம் இடது கையால். கிட்டார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நச்சரிக்கிறாள். அவளுடைய அப்பா கேட்கிறார்: "கிட்டாரில் தந்தியை அழுத்திப் பிடிக்கிற கஷ்டமான வேலை முழுக்க இடது கைக்குத்தானே? அப்படியென்றால் சாதாரணக் கிட்டாரே இடது கைக்காரர்களுக்கு வசதியானதுதானே? தனியாக இடது கைக் கிட்டார் எதற்கு? பின்னால் வயலினுக்குப் போக ஆசைப்பட்டால் என்ன செய்வது?"

நானும் இடது கைக்காரன்தான். ஆனால் வலது கைக்காரர்கள் மாதிரியே கிட்டார் வாசிக்கிறேன், பல வருடமாகச் சொல்லியும் கொடுக்கிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்கு நன்றாகப் பழகிய கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், கிட்டார் விஷயத்தில் இடது கைக் கிட்டாரை, அதாவது இடது கையால் மீட்டும்படி திருப்பிச் செய்ததை, முயன்று பார்க்காமலே ஒதுக்கிவிடாதீர்கள். வயலின் என்றால், விரலில் காயம் மாதிரி பலமான காரணம் எதுவும் இல்லாதவரை வழக்கமான பக்கமே போகட்டும். இரண்டுக்கும் ஏன் வெவ்வேறு பதில் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது.

அழுத்துகிற கைதான் அதிகம் கஷ்டப்படுகிறது என்ற எண்ணம் முதல் மாதத்தில் எல்லோருக்கும் வரும். நியாயம்தான். விரல் நுனி எரிகிறது. ஒரு விரலை வைத்தால் இன்னொரு விரல் கிளம்பிவிடுகிறது. வலது கையோ சும்மா மேலும் கீழும் ஆடிக்கொண்டிருப்பது போலத் தெரிகிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கிட்டார், வயலின், வீணை, சித்தார், சரோட், ஊத், பாஞ்சோ, சீனத்துப் பிப்பா, ஜப்பானிய ஷாமிசென் என்று எதை எடுத்தாலும் ஒலியை எழுப்புகிற வேலை வலது கைக்கு, அழுத்துகிற வேலை இடது கைக்கு. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலங்களில் வளர்ந்த கருவிகள் இவை. மனிதர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வலது கைக்காரர்கள். அழுத்துவதுதான் அதிகச் சாமர்த்தியம் கேட்கிற வேலை என்றால், எங்கேயாவது ஒரு ஊரில் அந்த ஒன்பது பேர் சேர்ந்து வலது கையைக் கருவியின் கழுத்துப் பக்கம் கொண்டுபோயிருக்க மாட்டார்களா?

கணக்குப் போட்டும் பார்க்கலாம். பல எலக்ட்ரிக் கிட்டார்களில் தந்தியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். அதில் முதல் கட்டத்தின் (கழுத்தில் ஃப்ரெட் என்ற குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடம்) அகலம் சுமார் 36 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது கட்டத்தில்கூட 19 இருக்கும். அந்த இடைவெளிக்குள் விரல் எங்கே விழுந்தாலும் ஸ்வரம் சரியாகவே வரும், மிச்சத்தை ஃப்ரெட் பார்த்துக்கொள்ளும். விரல் கொஞ்சம் முன்னாலேயே வந்து காத்திருக்கலாம், கேட்கிறவருக்குத் தெரியாது. மீட்டுகிற கைக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. பத்து மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடுகிற ஆறு தந்திகளில் சரியானதைப் பார்க்காமலே தொட வேண்டும், அதுவும் சரியான நேரத்தில். நிமிடத்துக்கு 120 அடி ஓடுகிற பாட்டில், அடிக்கு நான்கு ஸ்வரம் என்றால், ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 125 மில்லிநொடிதான். அதற்குள் பலமாகவா மெதுவாகவா, குதிரைக்கு (உடலின் மேல் தந்திகளைத் தாங்குகிற கட்டைக்கு) பக்கத்திலா தள்ளியா, நகத்தாலா சதையாலா என்பதெல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். பாட்டின் தாளம், சத்தத்தின் அளவு, நாதத்தின் குணம் மூன்றுமே அந்தக் கையில்தான் இருக்கின்றன.

இதற்கு ஓர் ஆய்வுத் துணையும் இருக்கிறது. 1987-இல் ஈவ் கியார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், இரண்டு கையும் சேர்ந்து செய்கிற வேலைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எழுதுவது ஒரு கை வேலை என்று நினைக்கிறோம். ஆனால் மற்றக் கை காகிதத்தை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. அதைத் தடுத்தால் எழுதுகிற வேகம் 20 சதவீதம் போலக் குறைந்துவிடுகிறது. பழக்கம் குறைந்த கை முதலில் இடத்தை ஏற்பாடு செய்து தருகிறது, பழக்கமான கை அந்த இடத்தில் வந்து நுணுக்கமான வேலையை முடிக்கிறது என்பது அவர் கண்ட பங்கீடு. ஆணியை ஒரு கை பிடிக்கிறது, இன்னொரு கை சுத்தியலால் அடிக்கிறது. கிட்டாரும் அதே மாதிரிதான். ஒரு கை தந்தியில் இடத்தைத் தயார் செய்கிறது, மற்றது வந்து அடிக்கிறது. ஆக, உங்கள் மகள் இடது கைக்காரி என்றால், அவளுக்கு அடிக்கிற கை இடதுதான். சாதாரணக் கிட்டார் இடது கைக்காரர்களுக்கு வசதி என்ற வாதம் இங்கேதான் சறுக்குகிறது.

வழக்கம் என்று இருப்பதற்கெல்லாம் இப்படி ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை. தந்தி வாத்தியம் அல்ல, இருந்தாலும் பிரெஞ்சு ஹார்ன் என்ற பித்தளை ஊது வாத்தியத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதை ஊதுகிற ஏறக்குறைய அத்தனை பேரும், வலது கைக்காரர்கள் உட்பட, இடது கை விரலால்தான் ஸ்வரத்தை மாற்றுகிற வால்வுகளை அழுத்துகிறார்கள். வால்வு வருவதற்கு முன்பு வலது கையை ஹார்னின் விரிந்த வாய்க்குள் விட்டுச் சுருதியை மாற்றுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வால்வு வந்தபோது சும்மா இருந்த கைக்கு அந்த வேலை போனது. அவ்வளவுதான் கதை.

சரி, அழுத்துகிற கை அவ்வளவு லேசானதா என்றால் அதுவும் இல்லை. 1995-இல் தாமஸ் எல்பர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் வயலின், செல்லோ, கிட்டார் வாசிக்கிற 9 பேரின் மூளையை அளந்து பார்த்தார்கள். இடது கை விரல்களின் தொடு உணர்வுக்கு மூளையில் ஒதுக்கியிருக்கும் பரப்பு, வாத்தியம் வாசிக்காதவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. கழுத்தைத் தாங்குகிற கட்டைவிரலுக்கு அந்த மாற்றம் குறைவு. எவ்வளவு சின்ன வயதில் தொடங்கினார்களோ அவ்வளவு அதிக மாற்றம். வலது கைக்கு அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: பழக்கமில்லாத கையும் சின்ன வயதில் தொடங்கினால் நன்றாக வளைந்து கொடுக்கும். இரண்டு பக்கத்து வாதத்துக்கும் இது உதவுகிறது என்பதுதான் வேடிக்கை.

வீணைக்கு வந்தால் மேலே சொன்ன பங்கீடு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. அங்கே ஒரு தரம் மீட்டிவிட்டு, அந்த நாதம் அடங்குவதற்குள் இடது கை தந்தியை மெட்டின் (வீணையின் ஃப்ரெட்) மேல் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களைக் கொண்டுவந்துவிடும். கமகத்தின் உயிர் முழுக்க இழுக்கிற கையில்தான் இருக்கிறது; எவ்வளவு இழுப்பது என்று காதும் விரலும்தான் முடிவு செய்ய வேண்டும், மெட்டு உதவிக்கு வராது. மீட்டுகிற கைக்கும் வேலை உண்டு, பக்கத்தில் ஓடுகிற மூன்று தாளத் தந்திகளையும் அதுதான் கவனிக்கிறது. இருந்தாலும் இடது கைக்காரர் ஒருவர் வழக்கமான பக்கம் வாசித்து அதிகம் இழக்காத வாத்தியம் எது என்று கேட்டால் வீணை என்றுதான் சொல்வேன். கண்ணாடியில் தெரிவது மாதிரி திருப்பிச் செய்த வீணையைத் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வயதில் முதல் வகுப்பு. கிட்டாரைக் கையில் கொடுத்ததும் கழுத்து வலது பக்கம் போகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன். ஆசிரியர் ஒன்றும் பேசாமல் எடுத்துத் திருப்பி வைத்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரு கிட்டார்தான். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு தந்தியையும் ஒரே அழுத்தாக அழுத்துகிற எஃப் கார்டு (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு), மற்றப் பையன்களை இரண்டு மாதம் அழவைத்தது. எனக்கு இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. "அதெல்லாம் அவனுக்கு இடது கையால் செய்கிற வேலை" என்று சுலபமான காரியத்தைச் சொல்வார்களே, எனக்கு அது நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. நம்ம கைதான் ராசியான கை என்று கொஞ்ச நாள் மிதப்பில் திரிந்தேன்.

அப்புறம் ஸ்ட்ரம்மிங் வந்தது, அதாவது தந்திகளைச் சேர்த்து மேலும் கீழும் தாளத்தோடு மீட்டுவது. கார்டு மாறுகிற இடத்தில் வலது கை அரை நொடி நின்று போகும். ஆசிரியர் தாளம் தட்டுகிற மெட்ரோனோமை ஓடவிட்டு, "கை நிற்கக் கூடாது, தந்தியில் படாவிட்டாலும் ஆடிக்கொண்டே இரு" என்பார். ஆடும், ஆனால் மேலே வருகிற அடி ஒவ்வொன்றும் கொஞ்சம் தாமதமாக வரும். ஒரு நாள் அவர் கிட்டாரை வாங்கிக்கொண்டு, அதே தாளத்தை மேசையில் தட்டச் சொன்னார். இடது கையால் தட்டினேன், அச்சு மாதிரி வந்தது. வலது கையால் தட்டச் சொன்னார். நொண்டியது. இருவருமே சிரித்துவிட்டோம், ஆனால் எனக்கு உள்ளே சுருக்கென்றது. அதன் பிறகு மாதக்கணக்கில், தினமும் பதினைந்து நிமிடம், இடது கையால் தந்திகளை மூடிக்கொண்டு வெறும் சக்-சக் சத்தம் மட்டும் வலது கையால் போட்டுப் போட்டுத்தான் அதைச் சரிசெய்தேன். இன்றைக்கும் புதிதாக ஒரு தாளத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் இடது கை தொடையில் தட்டிப் பார்த்துக்கொள்கிறது. வலது கை அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

ஆனால் என்னை வைத்துப் பொதுவிதி எழுதிவிடக் கூடாது. கிங் கிரிம்சன் ராக் குழுவின் கிட்டார்காரர் ராபர்ட் ஃபிரிப் இடது கைக்காரர், வலது கைக்காரர் மாதிரியே வாசிப்பவர். அவர் பேர் வாங்கியதே அந்த வலது கையின் பிக் (மீட்டுகிற சில்லு) வேலைக்காகத்தான். தந்திக்குத் தந்தி தாவிக்கொண்டு, கடிகாரம் மாதிரி. நான் சொன்னதை எல்லாம் ஒரே ஆளாக நின்று பொய்யாக்கிவிடுவார். மார்க் நாஃப்ளரும் அப்படித்தான், மறைந்த கேரி மூரும் அப்படித்தான். இடது கைக்காரர்கள், ஆனால் வழக்கமான பக்கம் வாசித்தவர்கள். ஆக, வழக்கமான பக்கம் கற்றால் உங்கள் மகள் உருப்பட மாட்டாள் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். வழி கொஞ்சம் கரடுமுரடாக இருக்கலாம், சிலருக்கு மட்டும்.

திருப்பிப் பிடித்து வாசித்தவர்களில் எல்லோரும் சொல்கிற பெயர் ராக் கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். வலது கைக்காரர்களுக்குச் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, தடித்த தந்தி மறுபடி மேலே வரும்படி மாற்றிக் கட்டிக்கொண்டார். இதில் தற்செயலாக ஒரு மாற்றம் நடந்தது. அந்தக் கிட்டாரில் குதிரைக்குப் பக்கத்திலுள்ள பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற பாகம்) சாய்வாக இருக்கும், மெல்லிய தந்திப் பக்கம் குதிரையை ஒட்டி. திருப்பியதும் சாய்வு மாறி, தடித்த தந்திகள் குதிரைக்கு நெருங்கின, மெல்லியவை தள்ளிப்போயின. தடித்த தந்திகளின் ஒலி இறுகி, மெல்லியவற்றின் கூர்மை கொஞ்சம் தணிந்தது. குமிழ்கள் எல்லாம் மேல் பக்கம் வந்து கைக்கு இடிக்கும், ஆனால் அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கதை எனக்கு இன்னும் பிடிக்கும். கிட்டார் வாங்கிய பிறகு தனக்கு ஏன் வரவில்லை என்று தெரியாமல் இருந்தவர், ஸ்லிம் விட்மன் என்ற பாடகர் திருப்பிப் பிடித்திருக்கும் படத்தைப் பார்த்துத்தான் இப்படியும் பிடிக்கலாம் என்று தெரிந்துகொண்டார். ஆனால் அந்த விட்மன் பிறவி இடது கைக்காரரே இல்லை. வேலை செய்த இடத்தில் ஒரு விபத்தில் இடது கை விரல் ஒன்றை இழந்ததால் பக்கம் மாற்றிக்கொண்ட வலது கைக்காரர்! பின்னாளில் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் கிட்டார், வயலின் வடிவத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது அதை வாங்கியதற்கு ஒரு காரணம்.

இன்னொரு வகையினர் தந்தியை மாற்றாமலே கிட்டாரைக் கவிழ்த்துப் பிடித்தவர்கள். தடித்த தந்தி தரையைப் பார்த்து இருக்கும். ஆல்பர்ட் கிங், ஓட்டிஸ் ரஷ், டிக் டேல் எல்லாம் இந்தக் கூட்டம். ஆல்பர்ட் கிங்கின் இழுப்பு அப்படி அழுவதற்கு இதுவும் ஒரு காரணம்: மற்றவர்கள் மெல்லிய தந்தியை மேலே தள்ளி வளைப்பார்கள், அவர் கீழ்ப்பக்கமாக இழுத்து வளைப்பார், கை முழுக்கப் பலம் கொடுக்கும். எலிசபெத் காட்டன் சின்ன வயதில் அண்ணனின் பாஞ்சோவை இப்படித்தான் கவிழ்த்துப் பிடித்துக் கற்றார், அப்புறம் கிட்டாரும். மற்றவர்கள் கட்டைவிரலால் போடுகிற அடித் தந்திகளை அவர் விரல்களால் போட்டு, பாட்டின் மெட்டைக் கட்டைவிரலால் எடுத்தார். அந்த வாசிப்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. எரிக் கேல்ஸ் என்று ஒருவர் இருக்கிறார். எழுதுவது வலது கையால், கிட்டாரை மட்டும் அண்ணனைப் பார்த்துக் கவிழ்த்துக் கற்றுக்கொண்டார். அபாரமாக வாசிக்கிறார். இவரை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கவிழ்த்துப் பிடிக்கிற வழியில் ஒரு பெரிய சௌகரியம், யார் வீட்டுக் கிட்டாரையும் எடுத்து வாசிக்கலாம். ஆனால் எந்தப் புத்தகமும் உதவாது, எந்த ஆசிரியரும் விரல் பிடித்துச் சொல்லித்தர முடியாது. தானாகக் கற்றுக்கொண்ட மேதைகளுக்குச் சரி, ஒன்பது வயதுக் குழந்தைக்கு நான் சொல்ல மாட்டேன்.

வலது கைக் கிட்டாரைத் திருப்பித் தந்தியை மட்டும் மாற்றிக் கட்டினால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் ஓரளவு போதும். அதன் குதிரையில் உள்ள எலும்புப் பட்டை நேராக இருக்கும், உள்ளே இருக்கும் கட்டைகளும் பெரும்பாலும் இருபுறமும் ஒரே மாதிரி விசிறியாக ஓடும். மேலே தந்திகள் உட்காருகிற நட்டை மட்டும் மாற்ற வேண்டும். ஸ்டீல் தந்தி அக்கூஸ்டிக்கில் இது வேலைக்கு ஆகாது. மெல்லிய தந்தி கால் மில்லிமீட்டர் பருமன், தடித்தது அதைப் போல நாலு மடங்குக்கும் மேல். தடித்தது மெல்லியதன் பள்ளத்தில் உட்காராது, மெல்லியது பெரிய பள்ளத்தில் கிடந்து இரையும். இதை நட் மாற்றிச் சரிசெய்யலாம். ஆனால் குதிரையின் பட்டை சாய்வாக ஒட்டப்பட்டிருக்கிறதே, தடித்த தந்திக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் வேண்டும் என்பதற்காக, அந்தச் சாய்வு இப்போது தலைகீழாகிவிடும். மேல் கட்டங்களுக்குப் போகப் போகத் தடித்த தந்திகள் சுருதி ஏறிக் கத்தும். எலக்ட்ரிக்கில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாகத் திருகு இருப்பதால் சமாளித்துவிடலாம்.

வயலினில் இந்தச் சிக்கல் பத்து மடங்கு. வெளியே பார்த்தால் இருபுறமும் ஒன்றுபோலத் தெரிகிற வாத்தியம் உள்ளே அப்படி இல்லை. தடித்த தந்திப் பக்கம் மேல் பலகையின் அடியில் நீளமாக ஒரு கட்டை ஒட்டியிருக்கும், பாஸ் பார் என்பார்கள். மெல்லிய தந்திப் பக்கம், குதிரையின் காலுக்குச் சற்றுப் பின்னால், மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே ஒரு சின்னக் குச்சி வெறும் அழுத்தத்திலேயே நிற்கும். சவுண்ட் போஸ்ட். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'ஆன்மா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அதைக் கொஞ்சம் நகர்த்தினாலே நாதம் மாறும் என்பதால். தந்தியை மட்டும் மாற்றிக் கட்டினால் எல்லாம் இடம் மாறி நிற்கும். குதிரையின் வளைவு, விரல்பலகையின் சரிவு, பிரடைகளின் (சுருதி சேர்க்கும் முளைகளின்) வரிசை, முகவாய்க் கட்டை எல்லாவற்றையும் திருப்பியாக வேண்டும். சார்லி சாப்ளின் இடது கையால் வில் பிடித்து வயலின் வாசித்தவர். தன் வயலினில் பாஸ் பாரையும் சவுண்ட் போஸ்ட்டையும் மாற்றிவைத்துக்கொண்டார். ஒரு வாத்தியத்துக்கு அது நடக்கும். குழந்தைக்கோ கால், அரை, முக்கால் என்று வளர வளர அளவு மாறும். ஒவ்வொரு அளவிலும் திருப்பிச் செய்த வயலினைத் தேடிப் பிடிப்பதற்குள் அவள் வளர்ந்துவிடுவாள்.

ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்தால் இன்னொரு தொல்லை. இருவருக்கு ஒரு நோட்டுத் தாங்கி, அத்தனை வில்லும் ஒரே பக்கம் போய் வரும். நடுவில் ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் இழுத்தால் பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான். கர்நாடக வயலினில் இந்தத் தகராறு இல்லை, தனியாக உட்கார்ந்து, தலைப்பகுதியைக் காலில் சாய்த்து வைத்து வாசிப்பது. ஆனாலும் வாத்தியம் கிடைக்காத பிரச்சினை அங்கேயும் அதேதான்.

ஆனாலும் திருப்பி வாசித்த வயலின்காரர்கள் இருந்திருக்கிறார்கள். ருடால்ஃப் கோலிஷ், பெரிய நால்வர் குழுவுக்கே தலைமை தாங்கியவர், சிறு வயதில் இடது நடுவிரலில் அடிபட்டதால் வில்லை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ஃபின்லாந்து ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் பாவோ பெர்க்லுண்ட் இடது கைக்காரர். வயலினையும் திருப்பித்தான் வாசித்தார், ஆர்க்கெஸ்ட்ரா நடத்தும்போதும் கோல் இடது கையில்தான். ஜெர்மனியின் ரைன்ஹார்ட் கோபெல் கதை வேறு. தேர்ந்த வயலின்காரரான பிறகு இடது கை விரல்கள் சொல்பேச்சு கேட்காத டிஸ்டோனியா வந்து, வில்லை அந்தக் கைக்குக் கொடுத்து, முதலிலிருந்து மறுபடி கற்றார்.

அடிபட்டவர்கள் எல்லோரும் பக்கம் மாற்றவில்லை என்பதையும் பாருங்கள். ஜாஸ் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928-இல் தீ விபத்தில் இடது கையின் கடைசி இரண்டு விரல்களின் செயலைப் பெரும்பாலும் இழந்தார். மீட்டுகிற கை முழுதாக இருந்தது. மிச்ச இரண்டு விரலை வைத்துக்கொண்டே தனி வாசிப்பில் பறந்தார். பிளாக் சாபத் ராக் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி இடது கைக்காரர், திருப்பி வாசிப்பவர், ஆக வலது கைதான் தந்தியை அழுத்துகிற கை. 17 வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் அந்தக் கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரல் தொப்பி செய்து போட்டுக்கொண்டு, மெல்லிய தந்திக்கு மாறி அதே பக்கம் தொடர்ந்தார். அழுத்துகிற கையில் சேதம் வந்தால் ஏதாவது வழி பண்ணிக்கொள்ள முடிகிறது. மீட்டுகிற கையில் வந்தால் அவ்வளவு சுலபமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி உங்கள் மகள். 'இடது கைக்காரி' என்பதையே கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். ஓல்ட்ஃபீல்ட் 1971-இல் தயாரித்த எடின்பரோ கேள்விப் பட்டியலில் எழுதுவது, வரைவது தவிர கத்தரிக்கோல், பல் துலக்குவது, தீக்குச்சி உரசுவது, துடைப்பம் பிடிக்கும்போது எந்தக் கை மேலே என்றெல்லாம் பத்து விஷயம் இருக்கும். கலவையாக விடை சொல்கிறவர்கள் நிறையப் பேர். என்னிடம் ஒரு பையன் வந்தான், எழுதுவது இடது கையால், பந்து எறிவது, கத்தரிப்பது வலது கையால். வழக்கமான கிட்டாரைக் கொடுத்ததும் முதல் நாளே ஸ்ட்ரம்மிங் நழுவாமல் ஓடியது. எழுதுகிற கையை மட்டும் பார்த்து நான் முடிவெடுத்திருந்தால் அவனைக் கெடுத்திருப்பேன்.

சரி, எப்படிச் சோதிப்பது? ஸ்கேலையோ பேட்டையோ கொடுத்துக் கிட்டார் மாதிரி பிடிக்கச் சொல்வது எல்லோரும் சொல்கிற யோசனை. அதை நான் அவ்வளவு நம்புவதில்லை. எதிரே உட்கார்ந்து வாசிப்பவரைப் பார்த்துப் பிள்ளைகள் கண்ணாடி மாதிரி காப்பி அடிப்பார்கள். வலது கைக்காரப் பிள்ளைகள்கூட முதல் நாள் திருப்பிப் பிடிப்பதுண்டு. அதற்குப் பதில் தாளத்தைப் பாருங்கள். அவளுக்குப் பிடித்த பாட்டை ஓடவிட்டு, ஒரு கையால் தொடையில் தட்டச் சொல்லுங்கள், மற்றக் கையால் மேசையில் ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி அழுத்தச் சொல்லுங்கள். பிறகு கைகளை மாற்றச் சொல்லுங்கள். விரலில் குழம்பும்போதும் நிற்காமல் தட்டுகிற கை எது என்று பாருங்கள். ஒரு நாளில் முடிவு செய்யாமல், இரண்டு மூன்று நாள் விட்டு விட்டுச் செய்து பாருங்கள். ஒரு யுகுலேலே கிடைத்தால் இன்னும் நல்லது. தந்திகள் மிருதுவானவை, பருமனில் பெரிய வித்தியாசம் இல்லை. திருப்பிக் கட்டினாலும் பெரும்பாலும் சமாளித்துவிடும். இரண்டு வாரம் இந்தப் பக்கம், இரண்டு வாரம் அந்தப் பக்கம்.

இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசமில்லாமல் வந்தால் யோசிக்காமல் வழக்கமான கிட்டாரையே எடுங்கள். நண்பர் வீட்டில், வகுப்பில், கடையில் எங்கே போனாலும் கையில் எடுத்து வாசிக்க முடிகிற வசதி சாதாரண வசதி இல்லை. இடது கைக் கிட்டார்களில் மாடல்கள் குறைவு, பிடித்ததைத் தேர்ந்தெடுக்கிற சுகம் கிடைக்காது. ஆனால் இடது கை தெளிவாக முந்தினால், வலது பக்கம் தாளம் நொண்டுவது உங்களுக்கே தெரிந்தால், இடது கைக் கிட்டாரை வாங்கிவிடுங்கள். எனக்கு மறுபடி பதின்மூன்று வயது வந்தால் நான் அதைத்தான் கேட்பேன். ஏற்கெனவே ஒரு வருடம், இரண்டு வருடம் வழக்கமான பக்கம் சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாற்றிக்கொள்ள வேண்டாம், கற்றதெல்லாம் வீணாகும்.

ஆசிரியர் வலது கைக்காரராக இருப்பாரே என்ற கவலை வேண்டாம். எதிரெதிரே உட்கார்ந்தால் அவர் கை அவளுக்குக் கண்ணாடிப் பிம்பம், பார்த்து அப்படியே செய்யலாம். வலது கைக்காரப் பிள்ளைகளுக்குத்தான் மனதுக்குள் திருப்பிப் பார்க்கிற வேலை. டேபிலேச்சர் என்ற கிட்டார் குறிப்பில் மாற்றம் எதுவும் இல்லை, அது தந்தி எண், கட்ட எண் மட்டும்தான். கார்டுப் படங்களை மட்டும் இடவலமாக மாற்றி வரைந்துகொள்ள வேண்டும், ஒரு நோட்டில் ஒரு மாலை நேரத்து வேலை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இடது கைக் கிட்டார் என்று சொல்லித் தந்தியை மட்டும் மாற்றிக் கட்டியதைக் கையில் கொடுப்பதுண்டு. அவள் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு பாருங்கள்: கழுத்தின் ஓரத்தில் இருக்கும் புள்ளிகள் மேலே, வாசிப்பவர் கண்ணுக்குத் தெரிகிற பக்கம் இருக்க வேண்டும். நட்டில் அகலமான பள்ளம் தடித்த தந்திக்கு அடியில் இருக்க வேண்டும். ஸ்டீல் தந்தி என்றால் குதிரையின் பட்டை தடித்த தந்திப் பக்கம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் எடுங்கள்.